ரியோகாச் செம்மதுவும் அதற்கு இயைந்த உணவும்

விழா மலருக்கு எழுதும் பழைய மாணவர் பெரும்பாலும் தம் ஆசிரியர்களைப் பற்றியும், உதைபந்தாட்டப் போட்டிகளைப் பற்றியும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதுவர். அவை யாவும் எழுதத் தக்கனவே. ஆயின் அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்லார் இம்மலரிற் பலர் உளராதலின், யாம் கல்லூரியை விட்டு நீங்கிய பின் பிறநாட்டிற் கற்ற ஒன்றை எழுதத் துணிந்தோம். அது ஸ்பானியா தேசத்து ரியோகா என்னும் பகுதியில் ஆக்கப்படும் செம்மதுவைப் பற்றியது. எம் ஊரார் முந்திரிகை என்றும் நூலோர் திராட்சை என்றும் வழங்கும் கனியின் பல இனங்களைக் கலந்து ஆக்கப்படும் வைன் அது. இந்துக் கல்லூரி மலரில் மதுவுக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் சற்றே பொறுத்தருள்க. இதனை எழுதும் யாம் இன்றுவரை மதுவை நாவிற் கொண்டறியோம். உண்ணாத யாம் அதனை எங்ஙனம் அறிந்தோம் என்பதும், அறிந்ததனாற் பெற்ற பயன் யாது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

1974ஆம் ஆண்டில் யாம் கணக்கியல் கற்கும் பொருட்டு இலண்டன் மாநகரை அடைந்தோம். பகலிற் கல்வி, மாலையில் ஊழியம். அக்காலத்தில் அங்குச் சென்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலரின் வாழ்வும் அத்தகையதே. எமக்கு வேலை கிடைத்தது ஸ்பானியர் ஒருவர் நடத்திய உணவுச்சாலையில். முதல் ஆறு மாதம் கோப்பை கழுவினோம். பின்னர்ப் பரிமாறும் பணிக்கு உயர்ந்தோம். அடுத்த ஆண்டில், வைன் பரிமாறுதற்கென்றே இருந்தவர் தம் நாட்டுக்கு மீண்டுவிட, அவ்விடத்தை எமக்குத் தருவதாக முதலாளி கூறினார். சம்பளம் ஒன்றரை மடங்காகும். ஊரிலோ எமக்கு இரு தங்கையர். தந்தையார் ஓய்வூதியத்தில் வாழ்பவர். ஆனால் அப்பணியிலிருப்பவன், உண்ண வருவோர்க்கு இந்த உணவுக்கு இந்த வைன் இயையும் என்று எடுத்துக் கூறல் வேண்டும். கூறுதற்கு முன் தான் சுவைத்திருத்தல் வேண்டும்.

சுவைத்தல் எமக்கு ஆகாத காரியமாயிருந்தது. பிறந்த குடியின் ஆசாரம் ஒரு காரணம். எம் அம்மான் மற்றொரு காரணம். அன்னையாரின் தம்பியாராகிய அவர் நன்கு கற்றவர், இனிய குரலினர், எமக்கு அட்சரகணிதம் சொல்லித் தந்தவர். சாராயம் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் தனியே குடிப்பார். வெறும் வயிற்றிற் குடிப்பார். குடித்த பின் உண்ணமாட்டார். அன்னையார் அவருக்கென்று இராச்சோற்றைக் கோப்பையிலிட்டு மூடிவைப்பார். விடியும்போது அது மூடியபடியே இருக்கும். அச்சோற்றைக் காகத்துக்கும் நாய்க்கும் இடும் வேலை சிறுவராகிய எம்முடையது. நாற்பத்தோராம் வயதில் ஈரல் கெட்டு அவர் இறந்தார். அந்தியேட்டி முடிந்த அன்று அன்னையார் எம்மை அருகழைத்து, மதுவைத் தொடுவதில்லையென்று வாக்குப் பெற்றார்.

முதலாளியிடம் ஒரு மாதத் தவணை கேட்டு, நிகழ்ந்தவற்றையெல்லாம் விவரித்து அன்னையாருக்குக் கடிதம் விடுத்தோம். மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. "தம்பி, பரியாரியார் எல்லா மருந்தையும் தான் குடித்துப் பார்த்தா கொடுக்கிறார்? எது எதற்கென்று அறிந்து கொடுக்கிறார். நீயும் அறிந்து கொடு. ஆனால் வெறும் வயிற்றோடு வந்து குடிக்கக் கேட்பவனுக்கு ஊற்றிக் கொடாதே, முதலிற் சாப்பிடச் சொல்" என்று எழுதியிருந்தார். நான்காம் வகுப்பு வரையே கற்ற அவரது அக்கடிதம் அத்தொழிலில் எமக்கு முதல் நூலாயிற்று.

தலைமைச் சமையற்காரர் ரியோகாவில் உள்ள ஆரோ என்னும் ஊரினர். அறுபதை அணுகிய வயதினர். எம் நிலையைக் கேட்டு அவர் நகைக்கவில்லை. "மகனே, நாக்கு என்னுடையதாகட்டும், மூக்கு உன்னுடையதாகட்டும்" என்றார். அன்று தொடங்கி, கதவு திறக்குமுன் ஒவ்வொரு வைனையும் அவர் சுவைத்துக் கூறுவார். யாம் முகர்ந்து குறிப்போம். சுவையென்று நாம் கருதுவதிற் பெரும்பகுதி உண்மையில் மணமே என்பது அறிவியல் கூறும் உண்மை. தடிமன் பிடித்தவனுக்குச் சோறு சப்பென்றிருத்தலை யார்தாம் அறியார்? கணக்கியல் மாணவராகிய யாம் பேரேடு போல ஒரு கொப்பி வைத்து, இடப்புறம் உணவையும் வலப்புறம் வைனையும், கீழே உண்டவர் கூறிய சொல்லையும் பதிந்து வந்தோம். மூன்றாண்டில் மூன்று கொப்பிகள் நிரம்பின. அவற்றினின்று எடுத்தனவே பின்வருவன.

இனி அந்நாட்டைக் கூறுவாம். ரியோகா ஸ்பானியாவின் வடபால் ஏப்ரோ நதியின் இருமருங்கும் நீண்டு கிடப்பது. ஆரோவிலிருந்து கிழக்கே அல்பாரோ வரை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் நீளமும், 65,000 ஹெக்டேயர் அளவான முந்திரிகைத் தோட்டமும் உடையது. வடக்கே கந்தாபிரிய மலைத்தொடர் மதிலென நின்று, அத்திலாந்திக்கு மாகடலின் குளிரையும் ஈரத்தையும் தடுக்கும். மேற்கில் உள்ள உயர் ரியோகாவும், அதற்கு வடக்கே பாஸ்கு மக்கள் வாழும் அலாவாப் பகுதியும் குளிர்ச்சியுடையன. கிழக்குப் பகுதி வெப்பமும் வறட்சியும் உடையது. முன்னர்க் கீழ் ரியோகா எனப்பட்ட இப்பகுதி 2018ஆம் ஆண்டு முதல் கிழக்கு ரியோகா எனப்படுகின்றது. மண் மூவகை: சுண்ணாம்புக் களி, இரும்பு கலந்த செங்களி, ஆற்று வண்டல். எம் குடாநாட்டில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் முந்திரிகைக் கொடியைப் பந்தலிற் படரவிடுவர். ரியோகாவின் பழைய தோட்டங்களிலோ பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கொடியை முழங்கால் உயரத்திற் கிண்ணம் போலத் தறித்து நிறுத்துவர். தூரத்தே நோக்கின் அவை குந்தியிருக்கும் கிழவர் கூட்டம் போலத் தோன்றும்.

அங்குச் செம்மதுவுக்கென வளர்க்கப்படும் இனங்களுள் நான்கு முதன்மையானவை. முதலாவது தெம்பிரானியோ. 'விரைவில்' என்னும் பொருள்படும் ஸ்பானியச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. பிறவற்றுக்கு முன் பழுப்பதால் அப்பெயர் பெற்றது. நல்ல நிறமும் பழ மணமும் நெடுநாள் இருக்கும் இயல்பும் உடையது. ஆயின் புளிப்பு மிக்கதன்று. இரண்டாவது கர்நாச்சா. வெயிலையும் வறட்சியையும் தாங்கி நின்று பிந்திப் பழுப்பது. இனிப்பு மிக்கதாதலின் நொதித்தபின் மதுசாரமும் மிகும். வாய் நிறைந்த மென்மை தரும். ஆனால் நிறம் விரைவில் மங்கும். மூன்றாவது கிராசியானோ. சிறிதளவே காய்ப்பது, உழவர் பலர் வெறுத்துப் பிடுங்கி எறிந்தது, எனினும் மணத்தாலும் புளிப்பாலும் சிறந்தது. நான்காவது மசுவேலோ. கரினேனா என்றும் இதனைக் கூறுவர். துவர்ப்பும் புளிப்பும் மிக்கது. தனித்துக் குடித்தால் முரடு.

இந்நான்கினுள் ஒன்றேனும் குறையற்றதன்று என்பதை வாசகர் கவனித்திருப்பர். தெம்பிரானியோவுக்குப் புளிப்புக் குறைவு. அதனைக் கிராசியானோவும் மசுவேலோவும் தரும். அதற்கு வாய் நிறைவு போதாத ஆண்டில் கர்நாச்சா அதனை ஈயும். கர்நாச்சாவின் நிறக்குறையைத் தெம்பிரானியோ மறைக்கும். பழைய முறையில் ஆக்குவோர் தெம்பிரானியோவை ஏறத்தாழ முக்காற்பங்காகக் கொண்டு, எஞ்சிய காற்பங்கில் மற்ற மூன்றையும் அவ்வாண்டின் மழை வெயிலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் சேர்ப்பர். மழை மிக்க ஆண்டின் கலவை வேறு. வெயில் மிக்க ஆண்டின் கலவை வேறு. கறிக்கூட்டு அறிந்த எம் தாய்மார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மல்லியைக் கூட்டுவதும் மிளகைக் குறைப்பதும் வாங்கிய சரக்கின் குணமறிந்தே அன்றோ!

இக்கலைக்கு இன்றைய வடிவம் வந்தமை ஒரு துன்பத்தின் விளைவு. 1850களிலே லூசியானோ முரியேத்தா என்பவரும், 1858இல் மார்க்கேஸ் தே ரிஸ்கால் என்னும் பிரபுவின் குடும்பத்தாரும், பிரான்சு தேசத்துப் போர்தோ நகரத்தார் முறையைப் பின்பற்றி, வைனைச் சிறு ஓக் மரப் பீப்பாக்களில் இட்டுப் பழையதாக்கத் தொடங்கினர். பின்னர் 1860களிற் பிலொக்செரா என்னும் பேன் போன்ற நுண்ணிய பூச்சி பிரான்சிற் பரவி முந்திரிகைக் கொடிகளின் வேரைத் தின்று தோட்டந்தோட்டமாக அழித்தது. சரக்கின்றித் தவித்த போர்தோ வணிகர் மலைகடந்து ரியோகாவுக்கு வந்தனர். பணமும் தம் கைத்திறமும் கொணர்ந்தனர். ஆரோவின் புகைவண்டி நிலையத்தைச் சுற்றி 1877 முதல் எழுந்த பெரும் பண்டசாலைகள் இன்றும் அங்கே உள. பிறர் கேட்டினால் ரியோகா வளம் பெற்றது, அவ்வளமும் நீடிக்கவில்லை. 1899இல் அதே பூச்சி ரியோகாவையும் அடைந்தது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டி வளர்த்தே மீண்டனர். 1925இல் ரியோகா என்னும் பெயருக்குச் சட்டக் காவல் கிடைத்தது. 1991இல் ஸ்பானிய வைன்களுள் மிக உயர்ந்த தகுதி முதன்முதலாக அதற்கே வழங்கப்பட்டது.

பீப்பாவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 225 லீற்றர் கொள்ளும் ஓக் பீப்பாவில் வைன் உறங்கும். மரத்தின் நுண்துளை வழியே சிறிது சிறிதாக வளி புகுந்து துவர்ப்பை மென்மையாக்கும். இடையிடையே மேல் நிற்கும் தெளிவை வேறு பீப்பாவுக்கு மாற்றி மண்டியை நீக்குவர். பழைய வீடுகளில் இதனை மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் செய்வர். கலங்கல் வருமிடத்து அவ்வொளி காட்டிக்கொடுக்கும். முட்டை வெள்ளையிட்டுத் தெளிவிப்பதும் உண்டு. மரக்கறி உண்பார் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஓர் ஆண்டேனும் பீப்பாவில் இருந்து இரண்டாண்டு கழித்து வெளிவருவது கிரியான்சா. மூன்றாண்டு கழித்து வருவது ரெசர்வா. பீப்பாவில் இரண்டாண்டேனும் இருந்து ஐந்தாண்டு கழித்து வருவது கிரான் ரெசர்வா. இவை யாவும் குறைந்த அளவுகள்.

ரியோகாவினர் நெடுங்காலமாக விரும்பிக் கொண்டது அமெரிக்க ஓக் மரம். முதல் முறை கிரான் ரெசர்வா ஒன்றை முகர்ந்தபோது எமக்குத் தேங்காய் மணத்தது. மூக்குப் பிழைத்ததோ என்று அஞ்சி மீண்டும் முகர்ந்தோம், மீண்டும் தேங்காயே. சமையற்காரரிடம் கூறியபோது அவர் மகிழ்ந்து, "அது மரத்தின் மணம், இங்குள்ளோர் பலர் வனிலா என்பர், நீயே சரியாகக் கண்டாய்" என்றார். ஓக் மரத்தில் உள்ள லாக்டோன் என்னும் பொருள் தேங்காய் மணமுடையது என்பதும், அமெரிக்க ஓக்கில் அது மிகுதி என்பதும், வனிலா மணமும் அம்மரத்திலிருந்தே வருவது என்பதும் பின்னர்ப் படித்து அறிந்தோம். அமெரிக்க மரமும் ஸ்பானியக் கனியும் சேர்ந்து, பனிபெய்யும் இலண்டனில் எம் அன்னையாரின் குசினியை எமக்கு நினைவூட்டின.

நொதித்தலின் இரசாயனம் எமக்குப் புதிதன்று. எம் கல்லூரி இரசாயன ஆசிரியர் அப்பாடத்தைத் தொடங்கிய அன்று விடியற்காலை இறக்கிய பனஞ்சாற்றை இரு போத்தல்களிற் கொணர்ந்தார். ஒன்று சுண்ணாம்பிட்ட கருப்பநீர், மற்றது சுண்ணாம்பிடாதது. பின்னேரப் பாடவேளையில் இரண்டாவதன் தக்கை முகட்டை நோக்கிப் பறந்தது. மதுவம் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிப்பதையும், சுண்ணாம்பு அவ்வுயிரைத் தடுப்பதையும் அவர் அதன் பின் கரும்பலகையில் எழுதினார். முந்திரிகைச் சாற்றிலும் நிகழ்வது இதுவே.

உணவுக்கும் வைனுக்கும் உள்ள இயைபும் இரசாயனமே. செம்மதுவின் துவர்ப்புப் பொருள் வாயூறு நீரில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் நா வறண்டு சுருங்கும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும், பாற்கட்டியின் நெய்ப்பும் எதிர்ப்பட்டால் அத்துவர்ப்பு அவற்றோடு பிணைந்து நாவை விடும். கொழுப்பால் மழுங்கிய நாவை வைன் துடைக்கும். துவர்ப்பால் வறண்ட நாவை உணவு நனைக்கும். ஒன்றின் மிகை மற்றதன் குறையை நிரப்புகின்றது. அளவான உப்பு வைனை மென்மையாக்கும். இனிப்போ வைனைப் புளிக்கச் செய்யும். மிளகாயின் எரிவை மதுசாரம் மேலும் மூட்டும். இவ்வளவும் அறிந்தவன் கொப்பியின்றியே பாதித் தொழிலைச் செய்யலாம்.

இனி உணவு வகைகளைக் கூறுவாம். ரியோகாவினர் தம் செம்மதுவுக்கு முதலிடம் தந்து வைப்பது இளம் ஆட்டிறைச்சி. கத்தரித்து நீக்கிய முந்திரிகைக் கொடிக் குச்சிகளைக் காயவைத்து, எரித்து, அத்தணலில் விலா எலும்புத் துண்டுகளை வாட்டுவர். அதே கொடியின் கனியும் அதே கொடியின் நெருப்பும் ஒரு பந்தியிற் கூடுகின்றன. இதற்குக் கிரியான்சாவும், அடுப்பில் மெல்ல வெந்த முழு ஆட்டுத்தொடைக்கு ரெசர்வாவும் இயையும் என்பது எம் கொப்பிகளில் மிகப் பலர் வாய்மொழியாகப் பதிந்துள்ளது. யாம் இறைச்சி உண்ணாதவராதலின் அதன்மேல் ஒன்றும் கூறமாட்டோம்.

அடுத்தது உருளைக்கிழங்குக் குழம்பு. கிழங்கைக் கத்தியால் முழுதும் வெட்டாமல், பாதி வெட்டிப் பாதி பிளந்து இடுவர்; பிளந்த முகத்தின் மா கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். அதிற் செம்மிளகாய்த் தூள் ஊட்டிய பன்றியிறைச்சிச் சொரீசோ சேரும். அத்தூள் எம் மிளகாயின் இனத்ததே ஆயினும் உறைப்பு மிகக் குறைந்தது. நிறமும் புகைமணமும் மிக்கது. சமையற்காரர் எமக்கெனச் சொரீசோ இன்றி, அத்தூளும் உள்ளியும் மட்டுமிட்டு ஆக்கித் தந்த அக்குழம்பை இன்றும் வீட்டில் ஆக்குகிறோம். இதற்கு ஏற்றது பீப்பா காணாத இளவைன், அல்லது இளைய கிரியான்சா.

மரக்கறி உண்பார்க்கு ரியோகா வறிய நாடன்று. ஏப்ரோக் கரை வண்டலில் விளையும் காய்கறிகளைத் தனித்தனி வேகவைத்துச் சேர்க்கும் மெனேஸ்திரா என்னும் கூட்டு அங்குப் புகழ் பெற்றது. பன்றித் துண்டு இடாது தருமாறு முற்கூட்டியே சொல்லுதல் வேண்டும். அங்கியானோ ஊரின் செந்நிற அவரைவிதைக் குழம்பு, தணலிற் சுட்டுத் தோலுரித்த சிறு செம்மிளகாய், உள்ளியும் ஒலிவெண்ணெயும் இட்டு வாட்டிய காளான் ஆகியன மற்றும் சில. ஆண்டு முதிர்ந்த ரெசர்வாவிற் காட்டு மண்ணையும் உலர்ந்த இலையையும் ஒத்த மணம் தோன்றும். காளானுக்கும் அதே மண் மணம். ஆதலின் அவை தம்முள் நட்பாகும். செம்மறிப் பாலிற் செய்த இதியாசாபல், மான்சேகோ என்னும் பாற்கட்டிகளும் அத்தகையனவே. மீனுக்குச் செம்மது ஆகாதென்பது பொதுவிதி. ஆயினும் உப்பிட்டுக் காய்ந்த கொட் மீனைத் தக்காளியும் செம்மிளகாயும் இட்டு ரியோகாவினர் ஆக்கும் கறிக்கு இளவைன் இயையும். விதிக்கு விலக்கு அந்நாட்டிலும் உண்டு.

எம் நாட்டுக் கறிகளுக்கு இயையுமா என்று வினவுவார் பலர். யாழ்ப்பாணத்து உறைப்புக்கு ரெசர்வா வீண். எரியும் நாவுக்கு மதுசாரமும் துவர்ப்பும் எண்ணெய் வார்த்தாற்போலாகும். பழைய வைனின் மெல்லிய மணம் ஒன்றும் தோன்றாது. ஒடியற்கூழின் முன் எவ்வைனும் நில்லாது. உறைப்புக் குறைத்து ஆக்கிய கத்தரிக்காய்ப் பொரித்த குழம்புக்கும், வறுத்த தூளிட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் கர்நாச்சா மிகுந்த இளவைனைச் சற்றுக் குளிரவைத்துக் கொடுத்தபோது உண்ட நண்பர் நன்றென்றனர். குளிரவைத்தலும் முக்கியம். பழைய செம்மதுவுக்கு 16 முதல் 18 பாகை வெப்பம் போதும். 30 பாகைக்கு மேற்பட்ட எம் நாட்டு வெயிலில் அதனை மேசையில் வைத்தால் மதுசாரத்தின் நெடியே முன்னிற்கும்.

1977இல் யாம் கணக்காளராகத் தேறி அவ்வேலையை விட்டோம். சமையற்காரரும் சில ஆண்டில் ஊர் திரும்பினார். கடிதத் தொடர்பு அறவில்லை. 1992ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அவர் அழைப்பின்பேரில் ஆரோவுக்குச் சென்றோம். அறுவடைக் காலம். கூடை சுமந்த ஆடவரும் மகளிரும் தோட்டமெங்கும் நிறைந்திருந்தனர். நண்பகலிற் பதினால்வர் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்தோம். தண்ணீர் வந்தது, பாண் வந்தது, பேச்சு நடந்தது. வைன் போத்தல் தக்கை நீக்கப்பட்டு ஓரத்தில் நின்றது; ஒருவரும் அதனைத் தொடவில்லை. யாம் காரணம் கேட்டோம். எம் வினாவை விளங்காதவர் போல அவர் எம்மை நோக்கி, "உணவு இன்னும் வரவில்லையே" என்றார். உணவு வந்தது, பின்னரே ஊற்றினர். ஒருவர்க்கு ஒரு கிண்ணம், சிலர்க்கு இரண்டு. அவ்வளவே.

அன்று மாலை அவரிடம் எம் அம்மானைப் பற்றிக் கூறினோம். இந்நாட்டில் அவர் பிறந்திருப்பின் பிழைத்திருப்பாரோ என்றும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "என் தமையனும் அப்படியே போனான். அவனும் இந்த மேசையில் இருந்தவன்தான். ஒரு நாள் மேசையை விட்டுத் தனியே போய்க் குடிக்கத் தொடங்கினான்" என்றார். மேசையின் வழக்கம் பலரைக் காக்கும், எல்லாரையும் காவாது. இதனை அவர் மறையாது உரைத்தமைக்கு யாம் என்றும் கடப்பாடுடையோம். மதுவைப் புகழ்ந்து எழுதும் நூல்களில் அத்தமையனார் இடம்பெறுவதில்லை.

ஆரோவுக்குத் தெற்கே மலைச்சாரலிற் சான் மியான் என்னும் பழைய துறவியர் மடம் உளது. அம்மடத்தோடு தொடர்புடையவரும் பதின்மூன்றாம் நூற்றாண்டினருமான பெர்சேயோ என்னும் புலவர், தாம் மக்கள் மொழியிற் பாடும் பாட்டுக்குப் பரிசாக ஒரு கிண்ணம் நல்ல வைன் தகும் என்று கூறினார். இதனைக் கேட்டபோது எமக்கு ஒளவையார் நினைவுக்கு வந்தார். அதியமான் இறந்த பின் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் பகிர்ந்த கள்ளையும் பகிர்ந்த சோற்றையும் அவர் அடுத்தடுத்து வைத்தே அழுகின்றார். யவனர் கொணர்ந்த தேறலும் அந்நூலிற் பேசப்படுகின்றது. 1945இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைவுகள் வெளிப்பட்டன. ஆதலின் முந்திரிகை மது தமிழர் அறியாததன்று. அதே தமிழரே கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமும் வகுத்துக்கொண்டனர். இரண்டும் நம் முன்னோர் விட்டுச் சென்றனவே.

மாணவர் இதனைப் படிப்பராதலின் ஒன்று தெளிவாகக் கூறுதல் எம் கடன். சிறிதளவு செம்மது நெஞ்சுக்கு நன்றென்று முன்னர்ப் பலர் கூறினர். மதுபானங்கள் புற்றுநோய் விளைப்பன என்று 1988ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. எவ்வளவு சிறிதாயினும் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உணவோடு உண்டால் அது மருந்தாகிவிடாது. அதன் தீங்கு விரைந்து ஏறாது என்பதே உண்மை. குடியாதார் குடிக்கத் தொடங்குதற்கு யாம் எழுதியதில் யாதொரு காரணமும் இல்லை. குடிப்பார் வீட்டில் உள்ளவரேல், அவர்க்கு முதலிற் சோறு கொடுங்கள். தனியே விடாது அருகிருங்கள். அவர் உண்ணாது எழுந்த நாளிலேயே அஞ்சுங்கள். ஈரல் கெடும் வரை காத்திராதீர்கள். எம் வீட்டில் அச்சோறு மூடிக் கிடந்த ஆண்டுகளில் இதனை எமக்குச் சொல்வாரில்லை.

அறிவு வேறு, அனுபோகம் வேறு என்பதை எம் கல்லூரி எமக்கு உணர்த்தியது. கள்ளின் இரசாயனத்தைக் கற்பித்த அவ்வாசிரியர் கள்ளுண்பவரல்லர். ஆயினும் அதனைக் கூசாது வகுப்புக்குக் கொணர்ந்தார். தமக்காகாத பொருளையும் நேர்மையோடு அறியலாம், அறிந்தபின் தம் நெறியில் நிற்கலாம் என்பதை அவர் பாடமாகச் சொன்னதில்லை, செய்து காட்டினார். அத்துணிவே அயல்நாட்டில் எமக்கு ஊதியம் தந்தது. இரு தங்கையரைக் கரையேற்றியது. வேற்று மொழியும் வேற்று உணவும் உடைய முதியவர் ஒருவரின் நட்பையும் தந்தது. இன்று கல்லூரியில் கற்கும் இளையோர் எந்நாடு செல்லினும் எத்தொழில் புரியினும் அவ்வறிவுத் துணிவும் நெறியும் அவர்க்கு ஒருங்கே வாய்ப்பதாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!